புண் ஆறியது, எரிச்சல் ஆறவில்லை

பெரியம்மாவால் ரவிக்கை போட முடியவில்லை. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுத்தண்டு வரை அரை வட்டமாக ஓடிய அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து நாலு மாதம் ஆகிவிட்டது. வெளிறிய தழும்பு மட்டும்தான் மிச்சம். ஆனாலும் அந்த இடத்தில் துணி உரசினால் துடித்துப் போவார். குளிக்கும்போது இடப்பக்கம் தண்ணீர் படாமல் ஊற்றிக்கொள்வார். போடியிலிருந்து விடியலில் ஜீப் ஏறி, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எடுக்க முப்பது வருடம் போய் வந்த உடம்பு அது. தேள் கொட்டிய மறுநாளே வேலைக்குப் போனவர். அப்படிப்பட்டவர், ஒரு நூல் சேலையின் தலைப்பு பட்டதற்காக அழுதார்.

“புண்ணுதான் ஆறிருச்சே, இன்னும் என்ன வலி?” என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன்.

பிறகு ஒருநாள் மருத்துவர் சோதித்துப் பார்த்ததை அருகில் நின்று கவனித்தேன். பெரியம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தழும்பின் நடுவில் ஊக்கின் முனையால் மெல்லக் குத்தினார். பெரியம்மா அசையவில்லை. “குத்துறேனே, தெரியலையாம்மா?” “தெரியலையே அய்யா, மதமதன்னு இருக்கு.” அடுத்து, பஞ்சைத் திரியாகத் திரித்துத் தழும்பின் ஓரத்தில் லேசாகத் தடவினார். பெரியம்மா அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ஊக்கு குத்தினால் தெரியாத இடத்துக்குப் பக்கத்திலேயே, பஞ்சு பட்டால் உயிர் போகிறது. “இவங்களுக்குத் தோல்ல ஒண்ணும் இல்லை. நரம்புதான் கெட்டுப்போயிருக்கு” என்றார் மருத்துவர்.

சாதாரண வலி எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கல்லில் கால்விரல் இடித்துக்கொண்டால் வலி இரண்டு தவணையாக வரும். ‘சுரீர்’ என்று முதலில் ஒன்று, ஒரு நொடி கழித்து ‘விண் விண்’ என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் வருகின்றன. முதல் செய்தி மெல்லிய உறை போர்த்திய இழையில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறது. இரண்டாவது உறையே இல்லாத இழையில் நொடிக்கு 1 மீட்டர் அளவில், மனிதர் நடக்கும் வேகத்தில் வந்து சேர்கிறது. தொடுதலைச் சொல்லும் இழைகள் தனி. அவை தடித்தவை, இந்த இரண்டையும்விட வேகமானவை. இந்த இழைகளைப் பெற்ற நரம்பணுக்களெல்லாம் முதுகெலும்பை ஒட்டி இருபக்கமும் வரிசையாக உள்ள முடிச்சுகளில் குடியிருக்கின்றன. கால் கட்டைவிரலின் வலியைச் சொல்லும் அணுவின் உடல் இடுப்புக்கருகில் இருக்கும். அதன் இழை மட்டும் கிட்டத்தட்ட 1 மீட்டர் நீண்டு விரல்நுனி வரை போகும்.

அக்கி தங்கும் இடமும் இந்த முடிச்சுதான். சின்ன வயதில் சின்னம்மை போட்டுப் போனதும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சில் புகுந்து ஐம்பது, அறுபது வருடம் சத்தமில்லாமல் கிடக்கிறது. வயதாகி உடம்பின் எதிர்ப்பு தளரும்போது விழித்துக்கொண்டு, தான் குடியிருந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கி வருகிறது. ஒவ்வொரு முடிச்சும் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை அகலத் தோலுக்குப் பொறுப்பு என்பதால்தான், அக்கி ஒரே பக்கமாக, அரைஞாண் கட்டியது போலப் படர்கிறது. வரும் வழியில் நரம்பணுக்களையும் இழைகளையும் எரித்துவிட்டு வருகிறது. கொப்புளம் வெளியே தெரிகிற சேதம் மட்டுமே. அது இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிவிடும். உள்ளே நரம்பில் நேர்ந்தது அப்படி ஆறுவதில்லை.

அக்கி வந்தவர்களில் 100-க்கு 10 முதல் 18 பேருக்கு இப்படி எரிச்சல் தங்கிவிடுகிறது. வயது ஏற ஏற இது கூடுகிறது.

நரம்பு கெட்டால் உணர்ச்சி போக வேண்டியதுதானே, வலி ஏன் வருகிறது? பெரியம்மாவின் ஊக்கும் பஞ்சும் எனக்கு எழுப்பிய கேள்வி இது. மருத்துவ உலகம் இதற்குப் பதில் தேடி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1864-இல் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். காயம் ஆறிய கையை ஈரத்துணியால் சுற்றியபடியே திரிந்த சிப்பாய்களை அவர் கண்டார். காலில் எரிச்சல் உள்ளவர்கள் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர்களையும் ‘நடிக்கிறார்கள்’ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

அறுபட்ட இழையின் நுனி பிழைத்திருந்தால் மறுபடி தளிர்க்கப் பார்க்கும். நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் வளரும். பழைய உறைவழி கிடைத்தால் போய்ச் சேர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் போக இடமில்லாமல் அங்கேயே சுருண்டு சிக்காகிவிடும். நரம்பு மின்துடிப்பை உண்டாக்குவது அதன் சவ்வில் இருக்கும் நுண்ணிய சோடியம் வாயில்களால். நுனிக்கு என்று அனுப்பப்படும் வாயில்கள் இப்போது அந்தச் சிக்கில் குவிந்து கிடக்கும். குவிந்த இடம் தானாகவே துடிக்கத் தொடங்கும். யாரும் தொடவில்லை, சுடவில்லை. ஆனாலும் செய்தி கிளம்புகிறது. மூளைக்கு அந்த நரம்பின் கடைசி நுனி எந்தத் தோலில் இருந்ததோ, அந்தத் தோல் எரிவதாகத்தான் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ‘கரண்ட் அடிச்ச மாதிரி’ என்று பெரியம்மா சொன்னது இதைத்தான்.

இந்த வாயில்களின் முக்கியத்துவம் 2006-இல் வேறொரு திசையிலிருந்து உறுதியானது. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டி வந்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலில் நடப்பான். அவனுக்குப் பிறவியிலிருந்தே வலி என்றால் என்னவென்று தெரியாது. ஆய்வாளர்கள் போய்ச் சேர்வதற்குள், பதினான்கு வயது நிறையும் முன்பே, கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவன் உறவுக் குடும்பங்களில் இதே நிலையில் இருந்த பிள்ளைகளைச் சோதித்தபோது, ஒரே ஒரு வகைச் சோடியம் வாயிலை உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது தெரிந்தது. ஒரு வாயில் அடைபட்டால் வலியே இல்லை. அதே வாயில் அளவுக்கு மீறித் திறந்துகொள்ளும்படி மரபணு மாறிப் பிறந்தவர்களோ, கை கால் தீயாய் எரிந்து வாழ்நாள் முழுக்கத் தவிக்கிறார்கள்.

இதுவரை சொன்னது தானாக வரும் எரிச்சலுக்கு. பஞ்சு பட்டதற்கு ஏன் அலற வேண்டும்? அதற்கு முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடத்துக்குப் போக வேண்டும்.

போடிமெட்டு உச்சியில் தமிழ்நாட்டு எல்லை முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் சோதனைச்சாவடி இருக்கிறது. கீழிருந்து ஏறிவரும் வண்டிகளை அங்கே நிறுத்திச் சோதிப்பார்கள். தோலிலிருந்து வரும் செய்திகளுக்கு தண்டுவடத்தின் பின்பக்கச் சாம்பல் திசு அப்படியொரு சாவடி. எதை மூளைக்கு அனுப்புவது, எதை நிறுத்துவது என்பது அங்கேதான் முடிவாகிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965-இல் சொன்ன கருத்து இது. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதனால்தான். தேய்க்கும்போது தொடுதல் இழைகள் சாவடிக் காவலரை உசுப்பி, வலிச் செய்தியை நிறுத்தச் செய்கின்றன.

நரம்பு கெட்டபின் இந்தச் சாவடியே மாறிவிடுகிறது. கீழிருந்து இரவு பகலாகப் பொய்ச் செய்தி வந்து மோதிக்கொண்டே இருந்தால், அதைப் பெறும் அணுக்கள் மேலும் மேலும் கூர்மையாகின்றன. முன்பு பத்துச் செய்திக்கு அசைந்தது இப்போது ஒன்றுக்கே துள்ளுகிறது. 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளில் இதைக் காட்டியபோதுதான், நாட்பட்ட வலியின் வேர் காயத்தில் மட்டும் இல்லை, தண்டுவடத்திலும் இருக்கிறது என்று மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் காவலர்கள் பலமிழக்கிறார்கள். நரம்பு மண்டலத்தில் குப்பை கூட்டி, நோய்க்கிருமியை விரட்டும் சின்னஞ்சிறு அணுக்கள் உண்டு. நரம்பு அறுந்த சேதி வந்ததும் அவை தண்டுவடத்தில் விழித்து எழுந்து ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம் பட்ட அணுவுக்குள் குளோரைடு உப்பின் அளவு ஏறிவிடுகிறது. ஏறினால், ‘நில்’ என்று சொல்லும் ரசாயனச் சமிக்ஞை வலுவிழக்கிறது. சில அணுக்களில் ‘போ’ என்றே மாறிவிடுகிறது. கனடா ஆய்வாளர்கள் 2005-இல் இதை வெளியிட்டார்கள். காப்பாற்ற வந்த அணுக்களே தடையைக் கழற்றிவிடுவதை நினைத்தால் மனம் கனக்கிறது.

காவல் இல்லாத சாவடியில் கூலியாட்கள் ஏறிய ஜீப்பும் கடத்தல் வண்டியும் ஒரே கணக்கில் பதிவாகின்றன. சேலை உரசியது என்ற வெறும் தொடுதல் செய்தி வலியின் பாதையில் ஏறி மூளைக்குப் போய்விடுகிறது. பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவர் மூளைக்கு உண்மையிலேயே தீ என்றுதான் செய்தி வந்தது.

ஆடி, ஆவணியில் மெட்டிலிருந்து சாரலோடு இறங்கும் காற்று பட்டால் அவருக்கு எரிச்சல் இன்னும் கூடும். நோய்ப்பட்ட நரம்புக்குக் குளிரும் வலியாகலாம். குளிரை உணர நரம்பு நுனியில் ஒரு தனி வாயில் இருக்கிறது. சூட்டை உணர இன்னொன்று. சூட்டு வாயிலை டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டுபிடித்தார், மிளகாயின் காரத்தைத் தூண்டிலாக வைத்து. மிளகாய் ‘எரிவது’ நாக்கு சுடுவதால் இல்லை, அந்த வாயில் ஏமாறுவதால். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. குளிர் வாயிலை ஏமாற்றும் பொருள்களில் ஒன்று சினியோல். ஏலக்காய் எண்ணெயின் முக்கியக் கூறுகளில் அதுவும் ஒன்று. ஏலக்காயை மென்றதும் வாயில் படரும் அந்தக் குளுமை, குளிர்ந்த எதுவும் படாமலே நரம்பு சொல்லும் குளிர். முப்பது வருடம் பெரியம்மாவின் விரல்களில் ஏறியிருந்த வாசனைக்கும், அவர் முதுகில் சாரல் பட்டதும் பற்றும் எரிச்சலுக்கும் நரம்பு நுனியில் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அக்கி ஒரு வழி மட்டுமே. இந்த மலைச்சரிவில் உழைப்பவர்களுக்கு நரம்பு கெட வேறு வழிகளும் உண்டு. ஏலச்செடி ஆளுயரம் தாண்டி வளர்ந்தாலும் காய் பிடிப்பது தரையில். தூரிலிருந்து கிளம்பி மண்ணில் படரும் சரங்களில்தான் காய் இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, பகல் முழுக்க எடுக்க வேண்டும். உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே கைவைத்துப் பாருங்கள், ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் அது நசுங்கும். பாதத்தின் மேல்பக்கம் மரத்து, நடக்கும்போது முன்பாதம் இழுபடும். மேலைநாடுகளில் ஸ்ட்ராபெர்ரி பறிப்பவர்களுக்கு இப்படி வருவதைக் கண்டு மருத்துவர்கள் அந்தப் பழத்தின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள். காய் எடுக்கும் பெண்களின் கால் மரப்புக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. ‘கால் அசந்துருச்சு’ என்பதோடு சரி. ஆரம்பத்திலேயே உட்காரும் முறையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியது இது.

மருந்தடிப்பு இன்னொன்று. ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் வகையும் உண்டு. அந்த ரசாயனக் குடும்பத்தில் சில, உடம்பில் அதிகம் ஏறிவிட்டால், முதல் மயக்கம் தெளிந்து ஓரிரு வாரம் கழித்து நீண்ட நரம்புகளை நுனியிலிருந்து பட்டுப்போக வைக்கும். கெண்டைக்கால் வலிதான் முதல் அறிகுறி. 1977–78-இல் இலங்கையில் இருபது பேர் அளவில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் திடீரென்று கெண்டைக்கால் வலித்து, பாதம் தொங்கிப்போனது. பெரியமனுஷியான பிள்ளைகளுக்கு நம் வழக்கப்படி கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரை-கிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்ததை நிமால் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் கண்டுபிடித்து, 1981-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதுவும் இதே பாஸ்பரஸ் குடும்பம். மருந்தடிக்கும் அண்ணன்மார் கையுறையும் முகமூடியும் இல்லாமல், ஈரச் சட்டையோடு மாலை வரை நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

எண்ணிக்கையில் எல்லாவற்றையும் மிஞ்சுவது சர்க்கரை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. சர்க்கரை ஏறிய ரத்தம் நரம்பையும், நரம்புக்குச் சோறு போடும் நுண்குழாய்களையும் சேர்த்தே கெடுக்கிறது. நீளமான நரம்பு முதலில் விழும். அதனால்தான் இரண்டு பாதத்திலும் காலுறை போட்ட அளவுக்கு மதமதப்பும் எரிச்சலும் தொடங்குகின்றன.

உலக அளவில் நோய்களை வகைப்படுத்தும் பட்டியலில், மூன்று மாதம் தாண்டிய வலி, தனி வகையாகவே இடம்பெற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேறொரு நோயின் நிழலாக மட்டும் அதைப் பார்த்த காலம் போய்விட்டது. நரம்பு வலியை அடையாளம் காணப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தந்தார்கள். எரிகிறதா, கரண்ட் அடிப்பது போலிருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா, லேசாகத் தடவினால் வலிக்கிறதா என்று போகும். பத்தில் நாலுக்கு ‘ஆமாம்’ என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்ப் பெண்கள் கேட்காமலே சொல்லும் வார்த்தைகள் இவை: ‘எரியுது’, ‘சுரீர்ங்குது’, ‘எறும்பு ஊருது’, ‘மதமதங்குது’. கேட்பவருக்குப் பொறுமை இருந்தால் நோய் பாதி தெரிந்துவிடும்.

பெரியம்மா நாலு மாதமும் கடையில் வாங்கித் தின்றது சாதாரண வலி மாத்திரை. வீக்கத்தால் வரும் வலிக்கு அது கேட்கும். நரம்பு வலிக்குக் கேட்காது. நாள் கணக்கில் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். நரம்பு வலிக்கு மருந்துகள் வேறு. கேபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் வலிப்பு நோய்க்காக வந்தவை. சாவடியில் செய்தி கொட்டும் கால்சியம் வாயில்களை அடக்குகின்றன. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. மூளையிலிருந்து கீழே இறங்கி வலியைத் தணிக்கும் பாதை ஒன்று இயல்பாகவே நம்மிடம் உண்டு, அதை அது பலப்படுத்துகிறது. தோலில் ஒட்டும் லிக்னோகெயின் பட்டை, துடிக்கும் சோடியம் வாயில்களை அங்கேயே அடைக்கிறது. மருந்துச் சீட்டைப் பார்த்த ஒருவர் “இது மனநோய் மாத்திரையாச்சே” என்று சொல்லிவிட, பெரியம்மா ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. அந்த ஒரு பேச்சு எத்தனை பேரை மருந்தை விடவைக்கிறதோ!

இந்த மருந்துகள் அற்புதம் செய்வதில்லை. சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றித்தான் பலன் தெரியும். தூக்கமும் தலைசுற்றலும் வரும், சரிவில் நிற்பவர்கள் முதல் சில நாள் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. எல்லோருக்கும் கேட்பதும் இல்லை. வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரியம்மாவுக்குப் பாதி குறைந்தது. தளர்வான பருத்தி ரவிக்கை போட்டுக்கொள்கிறார், இரவில் நாலைந்து மணி நேரம் தூங்குகிறார். ஜீப் ஏறுவதில்லை.

அக்கி வந்ததும் நாங்கள் முதலில் போனது மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்கு. அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் அக்கி எழுதினார். காவி காயும்வரை குளுமையாக இருந்தது, பெரியம்மா கண்ணயர்ந்தார். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எழுதி முடித்து வீட்டுக்கு வந்து, ‘மூணு தடவை எழுதினா இறங்கிரும்’ என்று வாரம் முழுக்கக் காத்திருந்தது எங்கள் தவறு. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பின்னால் வரும் எரிச்சலை அது கட்டாயம் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கொப்புளம் சீக்கிரம் ஆறும், அப்போதைய கடும் வலி தணியும், வலிக்கான மருத்துவமும் தாமதமின்றித் தொடங்கும். நெற்றியிலோ கண்ணருகிலோ கண்டால் பார்வைக்கே ஆபத்து, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, சோதனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. அதன் விலை தோட்டக் கூலிக்கு எட்டாது. அரசு இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. முதிய தொழிலாளர்களுக்காவது அதைக் கொண்டுவர வேண்டும்.

போடி, தேவாரம், கம்பம் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போலக் கொப்புளம் கண்டால், அக்கி எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். ஆனால் அன்றைக்கே பஸ் ஏறி, போடி அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போய்விடுங்கள். கொப்புளம் ஆறிய பின்னும் எரிகிறது என்று அவர்கள் சொன்னால், நாங்கள் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.